மலையகத்தில் 24 மணிநேரப் பூட்டுச் சேவை: கைக்கு நான்கு நட்சத்திரம், பில்லுக்கு ஒன்று

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் வாடகைக்கு இருப்பவர்களில் பாதிப் பேர் வெளியூர்க்காரர்கள். வங்கி வேலை, பாடசாலை மாற்றம், ஆஸ்பத்திரி டியூட்டி என்று வந்து, கடைக்கு மேல்மாடியிலோ யாருடையதோ அனெக்ஸிலோ குடியிருப்பவர்கள். டவுனில் சாவி வெட்டுகிறவர் யார், அவர் வீடு எங்கே என்று தெரியாது. இரவு ஒன்பதரைக்குக் கதவு திறக்கவில்லை என்றால், மின்கம்பத்து ஸ்டிக்கரில் உள்ள நம்பர்தான் கதி. அப்படிக் கூப்பிட்டால் வரும் 24 மணிநேரச் சேவையைப் பற்றியது இந்த மதிப்பீடு. ஒரு கடையை மட்டும் குறிவைத்து எழுதியதல்ல, ஏனென்றால் பில் எழுதும் விதம் பல இடங்களிலும் ஒரே அச்சில்தான் வருகிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பூட்டைத் திறப்பதில் இவர்கள் கெட்டிக்காரர்கள். குளிரிலும் பனியிலும் வந்து இருபது நிமிஷத்தில் ஆளை வீட்டுக்குள் விட்டுவிடுகிறார்கள், அதற்கு நல்ல கூலி கொடுப்பது நியாயம். காசு பறிபோவது அதற்குப் பிறகு: புதுச் சிலிண்டர் (பூட்டில் சாவி நுழையும் உருளைப் பாகம்) போடும்போதும், பில்லைப் பிரித்து எழுதும்போதும்.

போன் பேச்சு பெரும்பாலும் இப்படி இருக்கும்.

"தம்பி, மொத்தம் எவ்வளவு வரும்?"

"அதை வந்து பார்த்துத்தான் சொல்லலாம் அக்கா. சின்னக் காசுதான், பயப்படாதீங்க."

இந்தப் பதிலுடன் போனை வைக்கக்கூடாது. இன்னும் மூன்று கேள்வி கேட்க வேண்டும். எங்கேயிருந்து புறப்படுகிறீர்கள்? வந்து போக மட்டும் எவ்வளவு? பூட்டை உடைக்காமல் திறந்தால் எவ்வளவு, ட்ரில் போட்டால் எவ்வளவு? முதல் கேள்விதான் முக்கியம். ஸ்டிக்கரில் நுவரெலியா என்று இருக்கும், வேன் கண்டியிலிருந்து வரும். கண்டியிலிருந்து கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறத்தாழ 75 கிலோமீட்டர், இரவில் பனி மூடினால் இரண்டரை மணித்தியாலத்துக்குக் குறையாது. அந்தத் தூரத்துக்குக் காசு கேட்பது பிழையில்லை, முன்கூட்டியே சொல்லாமல் கேட்பதுதான் பிழை. பதிலை வட்ஸ்அப்பில் ஒரு வரியாக எழுதி அனுப்பச் சொல்லுங்கள். மறுப்பவரை விட்டுவிட்டு அடுத்த நம்பரைப் பாருங்கள். அந்த ஒரு வரி கையில் இருந்தால் பின்னால் வரும் சண்டை பாதியாகக் குறையும்.

கூப்பிடுவதற்கு முன் ஐந்து நிமிஷம் கதவைப் படித்துப் பார்ப்பது நல்லது. மலைநாட்டில் பூட்டுக் கோளாறு என்று சொல்லப்படுவதில் நிறைய, கதவுக் கோளாறு. ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கம் தென்மேல் பருவமழைக் காலத்திலும், பதுளை, வெலிமடைப் பக்கம் நவம்பர் முதல் ஜனவரி வரையிலும் பலகை ஈரம் குடித்து ஊதிவிடும். போல்ட் நிலைத் தகட்டில் இறுகி நிற்கும், சாவி உள்ளே போகும், ஆனால் திரும்பாது. பலவந்தமாகத் திருப்பினால் சாவிதான் முறியும். கைபிடியைப் பிடித்துக் கதவைத் தன் பக்கம் இழுத்து, கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டே திருப்பிப் பாருங்கள். அப்படியும் முடியாவிட்டால் தோளால் உள்ளே அழுத்திக்கொண்டு திருப்புங்கள். அப்படித் திறந்துவிட்டால் அது பூட்டுக்காரர் வேலையே அல்ல. மறுநாள் போல்ட் நுனியில் சோக் தேய்த்து, கதவைச் சாத்திப் பூட்டிப் பார்த்தால் தகட்டில் எங்கே இடிக்கிறது என்று அடையாளம் விழும். அந்த இரண்டு மில்லிமீட்டரை அரம் போட்டு எடுக்க ஒரு தச்சு பாஸ் போதும்.

சாவி பாதிதான் நுழைகிறது என்றால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: யாராவது பூட்டுக்குத் தேங்காயெண்ணெய் விட்டார்களா? கொழும்பில் அது ஒன்றும் செய்யாது. தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும், நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பமோ 16 பாகை. போத்தலில் வெள்ளையாக உறைகிற அதே எண்ணெய் பூட்டுக்குள்ளும் உறைந்து, ஊசிகளும் ஸ்பிரிங்குகளும் அசையாமல் ஒட்டிக்கொள்ளும். பக்கத்து வீட்டில் பிளேன்டீக்குக் கொதிக்கும் தண்ணி கொஞ்சம் வாங்கி, சாவியை அரை நிமிஷம் அதில் போட்டு, துடைத்து, உடனே நுழைத்து எடுங்கள். நாலைந்து தடவை செய்தால் இளகிவிடும். பிறகு டபிள்யூடி-40 அடித்துக் கழுவி, காய்ந்ததும் பென்சில் கரியைச் சாவியில் தேய்த்துப் போட்டு எடுப்பதுதான் சரியான வைத்தியம். தையல் மெஷின் எண்ணெய் உறையாது, ஆனால் பித்தளைத் தூளையும் தூசியையும் சேர்த்துக் களிம்பாக்கிவிடும்.

சாவி லேசாகச் சுற்றுகிறது, போல்ட் மட்டும் நகரவில்லை என்றால் சிலிண்டரின் நடுவில் உள்ள நாக்கு முறிந்திருக்கும், அல்லது கதவுக்குள் இருக்கும் பூட்டுப் பெட்டி கெட்டிருக்கும். இதற்கு நிச்சயம் ஆள் வேண்டும். உள்பக்கத் துவாரத்தில் இன்னொரு சாவி நிற்கிறதென்றாலும் அப்படித்தான், சாதாரணச் சிலிண்டர் வெளியிலிருந்து திறக்காது. லய வீடுகளிலும் கடை அறைகளிலும் கொண்டியில் தொங்குகிற பூட்டுக்கு மட்டும் இரவுச் சேவையைக் கூப்பிடாதீர்கள். போல்ட் கட்டர் ஒன்று இருந்தால் அது ஒரு நிமிஷ வேலை, செலவு புதுப் பூட்டின் விலை மட்டும்.

ஆள் வந்துவிட்டார் என்று வைப்போம். பெரிய பையைத் திறந்ததும் முதலில் ட்ரில்லை எடுக்கிறாரா, மெல்லிய கம்பிகளை எடுக்கிறாரா என்று பாருங்கள். வாடகை வீடுகளில் போடும் ஐந்து ஊசிச் சாதாரணச் சிலிண்டருக்கு முதல் கருவி ட்ரில் அல்ல. சாவி உள்ளே ஆழத்தில் முறிந்து ஊசிகளும் துருப்பிடித்து இறுகியிருந்தால் ட்ரில் நியாயம். ட்ரில்லுக்கு எதிரான உருக்கு ஊசி உள்ள விலை கூடிய சிலிண்டராக இருந்து, கம்பி போட்டு முடியாமல் போனாலும் நியாயம். "இது திறக்காது, உடைக்கத்தான் வேண்டும்" என்று இரண்டு நிமிஷத்தில் தீர்ப்புச் சொன்னால், உடைத்த பூட்டுக்குப் பதில் புதுப் பூட்டு விற்கலாம் என்ற கணக்கு அதில் இருக்கிறது. "பத்து நிமிஷம் கம்பியில் பாருங்க அண்ணே, ட்ரில் போடுவதென்றால் விலையைச் சொல்லிவிட்டுப் போடுங்க" என்று சொல்வதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

திறப்பது ஒரு வேலை, மாற்றுவது வேறு வேலை. கதவு திறந்தவுடன் முதல் வேலைக்கான கணக்கை முடித்துவிடலாம். உள்பக்கம் கொண்டி இருக்கும் வீட்டில் சிலிண்டர் விடியும் வரை காத்திருக்கும், ஒன்றும் குடிமுழுகாது. சாவி களவு போயிருந்தால் மட்டும் இரவோடு இரவாக மாற்றுவதற்குக் காரணம் உண்டு.

இனி பில். கீழே உள்ள தொகைகள் கணக்கு விளங்குவதற்காக வைத்த உதாரணம். பார்க்க வேண்டியது வரிகள் எழுதப்படும் விதத்தை:

வருகை 3,000
போக்குவரத்து 4,500
பூட்டுத் திறப்பு 6,000
ஹை செக்குரிட்டி சிலிண்டர் 9,500
பொருத்துகூலி 2,500
வற் 18 சதவீதம் 4,590
மொத்தம் 30,090 ரூபா

வருகையும் போக்குவரத்தும் ஒரே சங்கதி. வராமல் போக்குவரத்து இல்லை, போக்குவரத்து இல்லாமல் வரவும் முடியாது. இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு. திறப்புக் கூலியில் சண்டை பிடிக்க வேண்டாம், அது இரவுக்கும் கைத்திறனுக்கும் கொடுப்பது. பொருத்துகூலியில் கொஞ்சம் யோசிக்கலாம். இப்படிப்பட்ட சிலிண்டரைப் பிடித்து வைத்திருப்பது கதவின் பக்கவாட்டில் உள்ள ஒற்றை நீள ஸ்குரூ. அதைக் கழற்றி, சாவியைச் சற்றே திருப்பி நாக்கை உடம்போடு சேர்த்தால் சிலிண்டர் கையோடு வந்துவிடும், புதியதும் அதே வழியில் போகும். ஸ்டார் ஸ்குரூட்ரைவர் பிடிக்கத் தெரிந்த எவருக்கும் பத்து நிமிஷ வேலை. இரண்டாயிரத்து ஐந்நூறு கூடத்தான், என்றாலும் முன்பே சொல்லியிருந்தால் விட்டுவிடலாம்.

வற், அதாவது பெறுமதி சேர் வரி, இன்னொரு கதை. 2024 ஜனவரி 1 முதல் இலங்கையில் வற் 18 சதவீதம் என்பது சரி. ஆனால் அதை வாங்க உரிமையுள்ளவர் வற் பதிவு செய்தவர் மட்டும், பதிவு எண்ணும் பில்லில் இருக்க வேண்டும். கார்பன் தாள் வைத்த சின்னப் பில் புத்தகத்தில், எண் எதுவும் இல்லாமல், கையால் எழுதிய வற் என்றால் அது அரசாங்கத்துக்குப் போகாது. எண்ணைக் கேட்டவுடனேயே அந்த வரி மாயமாகிவிடுவதும் உண்டு.

பெரிய ஓட்டை சிலிண்டர் வரியில்தான். ஹை செக்குரிட்டி என்று எழுதுவதற்கு மை மட்டும் போதும். சாவியில் பல்லுக்குப் பதில் குழி குழியாக இருந்தாலே உயர்ந்த ரகம் என்று விற்கிறார்கள், குழிச் சாவி மலிவுச் சிலிண்டரிலும் வருகிறது. பளபளப்பு மேலே பூசிய நிக்கல், உள்ளே என்ன உலோகம் என்பது ஸ்குரூ போகும் துளைக்குள் தெரியும். டார்ச் அடித்துப் பாருங்கள்: மஞ்சளாக இருந்தால் பித்தளை, சாம்பல் நிறமாக இருந்தால் நாகக் கலவை. கையிலும் வித்தியாசம் தெரியும், ஒரே அளவில் பித்தளை கனமாக இருக்கும். நாகக் கலவைச் சிலிண்டர் கூடாத பொருள் என்றில்லை, ஆனால் அதற்கு உயர்ரக விலை கொடுக்க முடியாது. பெட்டியை உங்கள் கண்முன் உடைக்கச் சொல்லுங்கள். பெட்டியில் எத்தனை சாவி என்று போட்டிருக்கிறதோ அத்தனையும் உங்கள் கைக்கு வர வேண்டும். ஒன்று குறைந்தால் அது விலைப் பிரச்சினை அல்ல, அந்தச் சிலிண்டரே வேண்டாம்.

நீளத்தையும் அளக்க வேண்டும். ஸ்குரூத் துளையின் நடுவிலிருந்து இரு நுனிக்கும் அளந்து 30-30, 35-35 என்று சொல்வார்கள், மொத்தம் 60 அல்லது 70 மில்லிமீட்டர். வேனில் 70 மட்டும்தான் இருந்தது என்பதற்காக 60 எடுக்கும் கதவில் அதைப் போட்டுவிட்டுப் போவது அடிக்கடி நடக்கிறது. கைபிடித் தகட்டுக்கு வெளியே மூன்று மில்லிமீட்டருக்கு மேல் துருத்திக்கொண்டு நின்றால், இடுக்கியால் பிடித்து முறிக்க அது வசதி செய்துகொடுக்கிறது. பாதுகாப்புக்கென்று காசு வாங்கிப் பாதுகாப்பைக் குறைத்த வேலை. இது ருசி பற்றிய வாதம் இல்லை, அடிமட்டம் வைத்து ஒரு படம் எடுத்தால் எவரும் மறுக்க முடியாது. ஒரு கிழமைக்குள் சாவி இறுக ஆரம்பித்தால் பக்க ஸ்குரூவை அளவுக்கு மிஞ்சி முறுக்கியிருப்பார்கள், கால் சுற்றுத் தளர்த்தினால் சரியாகிவிடும்.

காசு கொடுக்கிற நேரத்தில் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான், ஆனால் பிறகு செய்ய முடியாதவை. பழைய சிலிண்டரை அவர் பையில் போடவிடாதீர்கள். அது வீட்டுக்காரரின் சொத்து, உங்களுக்குச் சாட்சி. துளை விழுந்திருக்கிறதா, முழுசாக இருக்கிறதா என்பது அதில்தான் இருக்கிறது. பில்லில் திகதி, பெயர், போன் நம்பர், ஒவ்வொரு வரியும் தனித்தனியாக இருக்க வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. பில் சிங்களத்தில் இருந்தால் வாசிக்கத் தெரிந்த ஒருவருக்குப் படம் அனுப்பிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வாக்குவாதம் முற்றி ஆள் வாசலை விட்டு நகரவில்லை என்றால் காசைக் கொடுத்து, பில்லின் அடியில் "தொகையை ஏற்காமல் செலுத்தியது" என்று எழுதிக் கையெழுத்திட்டுப் படம் எடுங்கள். முடிந்தவரை வங்கி மாற்றலாகக் கொடுங்கள். மிரட்டினால் 119.

காலையில் நேரே ஹாட்வெயார் கடைக்கு. அதே பிராண்ட், அதே நீளச் சிலிண்டருக்கு இரண்டு கடைகளில் எழுத்தில் விலை வாங்குங்கள். பஸாரில் சாவி வெட்டுகிறவரிடம் பழைய சிலிண்டரைக் காட்டி, இதை உடைக்காமல் திறந்திருக்கலாமா என்று கேளுங்கள். பெட்டிக்கடை மாதிரி இருக்கும் அந்தச் சாவிக்கடைதான் பகல் நேரத்துக்கு எங்கள் முதல் தெரிவு. கூலி குறைவு, நாளைக்கும் அதே இடத்தில் இருப்பார், அந்த ஒரு காரணத்துக்காகவே வேலை ஒழுங்காக இருக்கும்.

வாதம் எழுதுவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். "விலை ரொம்பக் கூட" என்பது நிற்காது. பூட்டுத் திறக்க இவ்வளவுதான் என்று அரசாங்கம் நிர்ணயித்த கட்டணம் கிடையாது, ஒப்புக்கொண்டு கொடுத்தீர்கள் என்று சொல்லிவிடுவார்கள். நிற்கிற வாதங்கள் வேறு: போனில் சொன்னது ஒன்று, வாங்கியது ஒன்று. ஒரே விஷயத்துக்கு இரண்டு வரி. இல்லாத தரத்தைச் சொல்லி விற்றது. பதிவில்லாமல் வற் எடுத்தது. கதவுக்குப் பொருந்தாத நீளம். இவற்றுள் உங்கள் பில்லில் எவை உண்டோ அவற்றுக்கு மட்டும் தொகை போட்டுக் கேளுங்கள். மேலே உள்ள உதாரணத்துக்கு வட்ஸ்அப் செய்தி இப்படி இருக்கலாம்:

"நேற்றிரவு பில் 30,090. வருகை, போக்குவரத்து இரண்டும் ஒன்றே, 3,000 கழிய வேண்டும். வற் எண் பில்லில் இல்லை, 4,590 கழிய வேண்டும். சிலிண்டர் கடை விலை 4,200, இரவு என்பதால் 5,000 ஏற்கிறேன், மிகுதி 4,500 கழிய வேண்டும். மொத்தம் 12,090 ரூபாவை ஏழு நாளுக்குள் திருப்பித் தரவும். இரண்டு கடைகளின் விலையும் சிலிண்டர் படமும் இணைத்திருக்கிறேன்."

அவருக்கு 18,000 மிஞ்சுகிறது. நியாயமான பங்கை விட்டுவைத்துக் கேட்கும் கணக்குக்குப் பதில் வருவதற்கு வாய்ப்பு அதிகம். முழுக் காசையும் கேட்டால் போனை எடுக்கமாட்டார்கள்.

பதில் இல்லையென்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை. 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து வழி கேட்கலாம், ஆனால் முறைப்பாடு எழுத்தில் போக வேண்டும், சேவை நடந்து மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். தமிழில் எழுதலாம், அது சலுகை அல்ல, உரிமை. முறைப்பாடு கொடுக்கக் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) போகிற நாளில் பில், செய்திகள், கடை விலைகள் எல்லாவற்றுக்கும் போட்டோ கொப்பி எடுத்துக்கொண்டு, மூலத்தைக் கையில் வைத்திருங்கள்.

வீட்டுக்காரரை மறந்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம், அவரிடம் காசு கேட்பது தனிக் கணக்கு. பூட்டுத் தேய்ந்து கெட்டது, நிலை ஊதியது, நாக்கு முறிந்தது என்றால் வீட்டுக்காரர் செலவு. சாவியைத் தொலைத்தது, உள்ளே விட்டுப் பூட்டியது என்றால் வாடகைக்காரர் செலவு. ட்ரில் போடுவதற்கு முன் அவருக்கு ஒரு கோல் எடுங்கள், இரவாக இருந்தாலும் பரவாயில்லை. எடுக்காவிட்டால் வொய்ஸ் மெசேஜ் போதும். "ஐயா, பூட்டுத் திறக்குதில்லை, ஆள் வந்திருக்கார், உடைக்கத்தான் வேணுமாம்" என்ற பத்து விநாடி. புதுச் சாவியில் ஒன்றை அடுத்த நாளே அவரிடம் கொடுத்துவிடுங்கள். அவர் ஒப்புக்கொள்ளாமல் செலவை வாடகையில் கழித்துவிடுவது ஆபத்தான வேலை. பிறகு வாடகை பாக்கி என்று எழுதி வீட்டை விட்டு எழுப்பப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். முழு வாடகையும் கொடுத்து, செலவை எழுத்தில் தனியாகக் கேளுங்கள். நீங்கள் திருப்பிக் கேட்டது 12,090 என்றால், வீட்டுக்காரரிடம் கேட்பது மீதி 18,000ஐத்தான். இரண்டு பக்கமும் முழுத் தொகை கேட்டால் இரண்டு பக்கமும் முகம் கெடும். தோட்டத்து லயம் என்றால் வீடு தோட்டத்துக்குச் சொந்தம், முதலில் தோட்டத்து ஆபீசில் சொல்லி அங்குள்ள ஆசாரியைக் கேட்பதுதான் முறை.

பூட்டுக்காரரோடும் சரி, வீட்டுக்காரரோடும் சரி, பேச்சு முடியவில்லை என்றால் மத்தியஸ்த சபை இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தது. சட்டத்தரணி வைத்து வாதாட அங்கே இடமில்லை, இரு பக்கத்தாரும் நேரே இருந்து பேச வேண்டும். இணக்கம் வராவிட்டால் அதற்கான சான்றிதழ் தருவார்கள், அதைக் கொண்டுதான் நீதிமன்றம் போகலாம். பன்னிரண்டாயிரத்துக்கு நீதிமன்றம் போகிறவர் குறைவு. மத்தியஸ்தர் முன்னால் பில்லை வாசித்துக்காட்டி, துளை விழாத பழைய சிலிண்டரைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்து, "உடைக்கத்தான் வேணும்னு சொல்லிப் புதுசு போட்டாங்க, உடைஞ்ச இடம் எதுன்னு காட்டச் சொல்லுங்க" என்று கேட்டால், தொகை அந்த மேசையிலேயே குறைய ஆரம்பிக்கும்.